பதிலுக்கு மில்லை ஓட்டியவர்

மில்லக்கா மெஷினைப் போட்டால் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். அரைக்க ஏதாவது வந்திருக்கும். இல்லையென்றால் யாராவது ஏதாவது கேட்டிருப்பார்கள்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கிலிருந்து கொஞ்சம் இறங்கினால் தகரக் கூரை போட்ட அந்த மாவு மில் வரும். உள்ளே இரண்டு மெஷின்கள். பெரியது ராகி, கோதுமை, அரிசிக்கு. சின்னது மிளகாய், மல்லி, சீயக்காய்க்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மர ஸ்டூல் போட்டு அவர் உட்கார்ந்திருப்பார். இமையெல்லாம் மாவு படிந்து வெள்ளையாக இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் நரை என்று நினைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் முகம் கழுவிவிட்டு வெளியே வந்தால் பத்து வயது குறைந்துவிடும். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அவர் இறந்தபோது சுவரில் ஒட்டிய நோட்டீஸில்தான் அதை முதன்முதலில் பார்த்தேன். யாரோ வேறு ஒருவர் இறந்துவிட்டதைப் போல இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு சம்பந்தம் பேசினால், ஜாதகம் பொருந்திய பிறகு, பெண் வீட்டில் சாப்பிட்டுக் கைநனைத்து உறுதி செய்வதற்கு முன்னால், விசாரிக்க ஆள் வரும். ஒரு பெண்ணும் ஒரு ஆணும் காப்பி நாற்று வாங்க வந்தவர்களைப் போலச் சேலம் பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள். நாற்றைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு மில்லுக்கு வருவார்கள். சுற்றிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் எல்லாரும் மாவுக்கு அங்கேதான் வரவேண்டும். எந்த வீட்டில் சத்துமாவு அரைக்கிறார்கள், எந்த வீட்டில் திடீரென்று ராகியை விட்டுக் கோதுமைக்கு மாறியிருக்கிறார்கள், எந்த மருமகள் மாவு சலிக்க நிற்கும்போது அழுகிறாள், எல்லாம் மில்லுக்குத் தெரியும். அதனால் மில்லக்காவுக்கும் தெரியும்.

அவருக்குப் பொய் சொல்ல வராது. அதேபோல ஒருவரைப் பற்றிக் கெட்டது சொல்லவும் வராது. இதில் ஒன்று மட்டும் உள்ளவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். இரண்டும் இருந்ததால் அவருக்கு மெஷின் தேவைப்பட்டது.

"ஏனுங்கக்கா, வாழவந்தியில மொளகுத் தோட்டத்துக்காரரு பையன் எப்படிங்க?" என்று கேட்பார்கள்.

"தோட்டம் நல்ல தோட்டமுங்க. கோடையிலயும் தண்ணி வத்தாது."

"பையன்?"

"அவிங்கம்மா நொம்ப நல்லவங்க. வாய் அதிராம பேசுவாங்க."

"அது சரீங்க. பையன்?"

மில்லக்கா எழுந்து சுவிட்சைப் போடுவார். பெல்ட் சுற்ற ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. மெஷினில் ஒரு மணி தானியம்கூட இருக்காது. கேட்டவர்கள் கொஞ்ச நேரம் வாயைத் திறந்து மூடிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு ஓடுவார்கள்.

நாளடைவில் மலையில் இது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. ஒரு சம்பந்தம் தட்டிப்போனால், "ஏன், என்னாச்சு?" என்று கேட்க மாட்டார்கள். "மில்லு ஓடிருச்சா?" என்றுதான் கேட்பார்கள். யாரையும் ஒரு குறை சொல்லாமலேயே அவர் எத்தனையோ கல்யாணங்களை நிறுத்தினார். அதற்காக அவரைத் திட்டவும் முடியவில்லை. என்னவென்று சொல்லித் திட்டுவது? மெஷின் போட்டார் என்றா?

கல்யாணத்துக்குப் பிள்ளை வைத்திருப்பவர்கள் அவரிடம் மிகவும் பணிவாக இருப்பார்கள். அதிலும் ஒரு எஸ்டேட் ரைட்டர் கொஞ்சம் மூளை உள்ளவர். கூலி ஆட்களுக்குப் பேர் போடுகிற வேலை அவருக்கு. மகனுக்குத் தர்மபுரிப் பக்கம் பெண் பேசியிருந்தார்கள். விசாரிக்க ஆள் வரும் நாள் அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. லைன்மேனைப் பிடித்து, அன்று காலையில் மில்லுக்குப் போகும் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டார். மெஷின் ஓடாவிட்டால் மில்லக்கா ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும், சொன்னால் கெட்டது சொல்ல மாட்டாரே என்பது அவருடைய கணக்கு.

விசாரிக்க வந்தவர்கள் பையனைப் பற்றிக் கேட்டார்கள். மில்லக்கா சுவிட்சைப் போட்டார். ஓடவில்லை. மறுபடி போட்டார். ஓடவில்லை. எழுந்து மூலையில் கிடந்த காலிச் சாக்குகளை எடுத்தார். ஒவ்வொன்றாக உதற ஆரம்பித்தார். ஒரு மாத மாவு அந்தச் சாக்குகளில் இருந்தது. தர்மபுரிக்காரர்கள் இருமிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். அன்று மில் ஓடவில்லை. ஆனால் மாவு பறந்தது என்று அடுத்த வாரமே ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள்.

இருந்தாலும் ரைட்டரின் யோசனை வீண் போகவில்லை. மாதத்தில் ஒரு நாள் லைன் வேலைக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது. எந்த நாள் என்று பேப்பரில் போடுவார்கள். கீழே சேலத்தில் பெண்ணோ பையனோ வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்து வைத்திருந்து, அந்த நாளாகப் பார்த்து மலை ஏற ஆரம்பித்தார்கள். அன்றைக்கு அரைக்க வருகிறவர்கள் இருக்க மாட்டார்கள். கேட்க வருகிறவர்கள்தான் இருப்பார்கள்.

மாவு விஷயத்திலும் அவர் அப்படித்தான். வேறு ஊர் மில்களில் சில நேரம் மிளகாயையும் பெரிய மெஷினிலேயே போட்டுவிட்டு, அடுத்தவர் தானியத்தைச் சத்தமில்லாமல் கொட்டிவிடுவார்கள். மில்லக்காவின் சின்ன மெஷின் ரிப்பேரில் இருந்த மாதம், அவரும் பெரிய மெஷினில்தான் மிளகாய் அரைத்தார். அரைத்துவிட்டு வரிசையைப் பார்த்துச் சொல்லுவார்:

"இப்பப் போடறவங்க மாவு காரமா வரும். யாருக்கு வேணும்?"

யாருக்கு வேண்டும்? ஒருவரும் வர மாட்டார்கள். அவரே தன் சொந்த ராகியில் இரண்டு படி போட்டு ஓட்டுவார். அந்த மாதம் முழுக்க அவர் காரமான களி தின்றார். கேட்டால், "நல்லாத்தான் இருக்குது. கொழம்பு தேவையில்ல" என்பார்.

ஏன் இப்படி என்று நான் ஒருநாள் யோசித்தேன். கேட்கவில்லை. எனக்குக் கேட்க வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் மழை நாளில் வரிசையில் நின்ற ஒரு பெண் கேட்டுவிட்டாள்: "ஏனுங்கக்கா, நல்ல பையன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா என்னுங்க கொறஞ்சு போவுது?"

அன்றைக்கு மில்லக்கா மெஷினைப் போடவில்லை. மாவுப் பையைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"எனக்கு மாப்ள பாத்தப்ப எங்கண்ணன் ஆத்தூருக்குப் போயி விசாரிச்சாருங்க. அங்கன ஒரு டீக்கடைக்காரரு, 'தங்கமான பையன்'னு சொல்லியிருக்காரு. போயிப் பாத்தா தங்கத்துக்கு ஏற்கெனவே ஒரு சம்சாரம் இருக்குது. ரெண்டு புள்ள இருக்குது. மூணு மாசத்துல திரும்பி வந்தேன். எங்கண்ணன்கிட்ட, 'ஏண்ணா, நல்லாத்தான் விசாரிச்சியா?'ன்னு கேட்டேன். 'நல்லாத்தான் விசாரிச்சேன், டீ கூட அவ்வளவு நல்லா இருந்துச்சு'ன்னாரு."

வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு ராகி வைத்திருந்த பெண்ணைப் பார்த்து, "கொட்டு கண்ணு" என்றார்.

எனக்குப் பதினாறு வயதில், ஊர்த் திருவிழா நோம்பிக்கு முந்தின வாரம், மிளகாய் அரைக்கப் போன இடத்தில் வலிப்பு வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே எனக்கு அது உண்டு. வீட்டைத் தவிர வெளியில் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு நினைவு திரும்பியபோது நான் மில் தரையில் சாக்கின் மேல் கிடந்தேன். என் கையில் மெஷின் கல்லை முடுக்குகிற பெரிய ஸ்பேனர் இருந்தது. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பது எங்கள் வழக்கம். மில்லக்கா என் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரிய மெஷின் காலியாக ஓடிக்கொண்டிருந்தது. யாரோ வாசலில் நின்று, "என்னங்க அந்தப் புள்ளைக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

அவர் வீடு வரை என்னோடு நடந்து வந்தார். மிளகாய்த் தூளை அவரே சுமந்தார். அம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். ஊரில் வேறு யாரிடமும் சொல்லவில்லை. அதன்பிறகு சேலத்து டாக்டரிடம் காட்டி மாத்திரை சாப்பிட்டேன். வலிப்பு வருவது நின்றது.

எனக்கு இருபது வயதானபோது குப்பனூரிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தியது. மாப்பிள்ளை கீழேயிருந்து மலைக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றி வரும் டெம்போவின் டிரைவர். நல்ல குடும்பம் என்றார்கள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு, ராகி அரைக்கும் சாக்கில் மில்லுக்குப் போனாள்.

"அக்கா, குப்பனூருல இருந்து கேட்டு வருவாங்க."

"வரட்டும்."

"நீங்க மெஷினப் போட்டுராதீங்க."

"அது கேக்கறதப் பொறுத்து."

"போட்டீங்கன்னா எம்புள்ள வாழ்க்க அன்னிக்கோட சரிங்க்கா."

"அப்பப் பொய்யி சொல்லச் சொல்ற."

"ஐயோ, இல்லீங்க்கா. நல்லதா நாலு சொல்லுங்க."

"நல்லது நாப்பது இருக்குது. கேக்கறவங்க அந்த நாப்பதயும் உட்டுட்டு, மிச்சம் ஒண்ணு இருக்குது பாரு, அதத்தான கேப்பாங்க?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நாலு வருசமா ஒரு தடவ கூட வரலீங்க்கா. மாத்தரயில நிக்குது."

"நின்னுருச்சுன்னா அதயே சொல்லிரலாமே."

"சொன்னா யாருங்க கட்டுவாங்க?"

"சொல்லவும் கூடாது, சொல்லாம மெஷினப் போடவும் கூடாதுன்னா, நான் அன்னிக்கி மில்லப் பூட்டிட்டு எங்கயாச்சும் போயிரட்டுமா?"

"பூட்டியிருந்தா அதுக்கும் ஒண்ணு சொல்லுவாங்களேங்க்கா."

மில்லக்கா ஸ்டூலில் திரும்பினார். என்னைப் பார்த்தார். "நீ என்ன கண்ணு சொல்ற?"

அந்தக் கல்யாணத்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்ட முதல் கேள்வி அதுதான். நான் ராகிப் பாத்திரத்தின் விளிம்பை நகத்தால் சுரண்டினேன். என்னிடம் அன்று ஒரு மெஷின் இருந்திருந்தால் போட்டிருப்பேன்.

பத்து நாள் கழித்து மாவு வாங்கி வரச் சொல்லி அம்மா அனுப்பினாள். போன பிறகுதான் அன்றைக்குக் கரண்ட் இல்லாத நாள் என்று தெரிந்தது. முந்தின நாள் கொண்டுவந்து வைத்த எங்கள் ராகியும் அரைபடாமல் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று சின்ன மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். குடையை ஊன்றிக்கொண்டு ஒரு பருத்த அம்மா உள்ளே வந்தார். கூடவே அவருடைய தம்பி.

"ஏனுங்கக்கா, கரண்ட் இல்லீங்களா?"

"இல்லீங்க."

"நல்லதாப் போச்சுங்க" என்றார் அந்த அம்மா. சாக்கு ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, அந்த வீட்டுப் பெரிய பெண் எப்படி என்று கேட்டார். அவர் என் போட்டோவைப் பார்த்திருந்தார். ஆனால் போட்டோவில் நான் பவுடர் போட்டிருந்தேன். இங்கே என் மேல் மாவு. நான் மெஷினுக்குப் பின்னால் இன்னும் குனிந்தேன்.

"படிப்பு?"

"பத்தாவதுங்க."

"பேச்சு எப்படி?"

"பேச்சே கெடையாதுங்க. அதுகிட்ட இருந்து ஒரு வார்த்த வாங்கறது, கல்லுல நாரு உரிக்கற மாதிரி."

"அது போதுமுங்க. எங்கூட்டுல பேச நான் இருக்கறன். கொணம்?"

"வரிசையில நின்னா முன்னால போகாது. அடுத்தவங்களத்தான் முன்னால உடும்."

"ஒடம்பு எப்படிங்க? நோவு நொடி ஒண்ணும் இல்லீங்களே?"

மில்லக்காவின் கை சுவிட்சுக்குப் போனது. பழக்கம்தான். சுவிட்ச் டக்கென்று விழுந்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை. அந்த அம்மா சிரித்தார். மில்லக்கா மூலையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே காலிச் சாக்குகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. எட்டினால் எடுத்துவிடலாம். அவர் சாக்குகளைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கடைசியில் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இருபது கிலோ ராகிய மேட்டுல இருந்து ஒத்தையாத் தலையில சொமந்துட்டு வருமுங்க" என்றார்.

"அப்பறம் என்னுங்க!" என்று அந்த அம்மா எழுந்தார்.

அவர் என் மாமியார் ஆனார்.

அம்மா என்னை அனுப்பும்போது, மாத்திரை அட்டையை மஞ்சள் டப்பாவுக்குள் போட்டுக் கொடுத்தாள். "யாரு கண்ணுலயும் படாமச் சாப்புடு" என்றாள். கூட்டுக் குடும்பத்தில் யார் கண்ணிலும் படாமல் ஒரு மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது? ஒருநாள் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு எல்லா நாளும் விட்டேன். இரண்டாம் மாதம் அடுப்பங்கரையில் விழுந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து என் கையில் அவர்கள் வீட்டுப் பீரோ சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

என்னை அவர்கள் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பலாம் என்று மாமியார் சொன்னார். "இருக்கட்டும்மா" என்றார் வீட்டுக்காரர். அந்த ஒரு வார்த்தைதான் சொன்னார். என்ன ஒரு மனசு என்று நான் அன்று சுவரோரம் உட்கார்ந்து அழுதேன்.

மாமியாருக்குக் கோபத்தை எங்காவது இறக்க வேண்டியிருந்தது. மகனை டெம்போவை எடுக்கச் சொல்லி ஏறி உட்கார்ந்தார். நேராக மில். சந்தை நாள். வரிசையில் இருபது பெண்கள் இருந்தார்களாம். பார்த்தவர்கள் எனக்குப் பிறகு சொன்னார்கள்.

"ஏனுங்க, நீங்கெல்லாம் ஒரு பொம்பளையா? உண்மையத் தவர வேற பேச மாட்டீங்கன்னு நம்பித்தானுங்க மல ஏறி வந்தேன்! ராகி சொமக்குதுன்னு சொன்னீங்களே, வலிப்பச் சொமக்கறத ஏனுங்க சொல்லுல?"

வரிசையே மில்லக்காவைப் பார்த்தது. அவர் என் மாமியாரைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலே, வெளியே டெம்போ பக்கத்தில் நின்றிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தாராம். கொஞ்ச நேரம் பார்த்தாராம். பிறகு எழுந்து மெஷினைப் போட்டார்.

"பாத்தீங்களா! பதில் இல்ல, ஓட்டிட்டா!" என்று மாமியார் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் புரிந்தது. இத்தனை வருடமாக அடுத்தவர்களுக்காக ஓடிய மெஷின், அன்றைக்கு அவருக்காகவே ஓடியது என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு மில்லக்காவிடம் விசாரிக்க யாரும் வரவில்லை. கரண்ட் இல்லாத நாட்களில் மில் வாசல் காலியாகக் கிடந்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு வியாபாரம் கூடியது. கல்யாணத்துக்குப் பிள்ளை வைத்திருப்பவர்களும் பயமில்லாமல் மிளகாயோடு வந்தார்கள்.

எனக்காக அவர் ஒரு பொய் சொன்னார், அதற்காகப் பெயரை இழந்தார் என்று நான் நம்பினேன். அவர் சொன்னது பொய்யில்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் ராகி சுமந்தது நிஜம்தான். ஆனால் கேட்டது அது இல்லையே. பிறந்த வீட்டுக்குப் போகும்போது இரண்டு மூன்று தடவை மில்லுக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதே சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

"அக்கா, எனக்காக நீங்க அன்னிக்கி…"

மெஷின் ஓடும்.

"மாத்தர சாப்புடறயா?" என்று மெஷினுக்கு மேல் கத்துவார். தலையாட்டுவேன். "உடாத!" என்று கத்துவார். அவ்வளவுதான். பொய் சொன்ன வெட்கத்தில்தான் அப்படிச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வருவேன்.

அவர் இறந்த செய்தி வந்தபோது எனக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. மாமியார் போய் மூன்று வருடம். நானும் வீட்டுக்காரரும் டெம்போவில் மேலே போனோம். மில்லைப் பூட்டி, வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அவரைக் குளிப்பாட்டியிருந்தார்கள். இமையில் மாவு இல்லை. எனக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

திரும்பிக் குப்பனூர் ரோட்டில் இறங்கும்போது, ஒரு வளைவில் வீட்டுக்காரர் வண்டியை ஓரம் கட்டினார். இன்ஜினை அணைத்தார்.

"ஒண்ணு சொல்லோணும்" என்றார்.

நான் பார்த்தேன்.

"அவங்க மறைக்கல. எங்கம்மா வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாலயே நான் போயிக் கேட்டேன். பக்கத்துக் கடைக்குச் சரக்கு எறக்கிட்டு உள்ள போனேன். மில்லு ஓடிட்டிருந்துச்சு. 'நாந்தானுங்க மாப்ள'ன்னேன். நிறுத்துனாங்க. பாதி அரைச்ச ராகி அப்படியே நின்னு போச்சு. எல்லாத்தயும் சொன்னாங்க. வலிப்பு இருந்தது, மாத்தரயில நின்னது, எல்லாம். 'உங்கம்மா கேட்டா நான் சொல்ல மாட்டேன், கட்டப் போறது நீ, அத உங்கம்மாகிட்டச் சொல்றது உம் பொறுப்பு'ன்னாங்க. 'மாத்தரய மட்டும் நிறுத்த உட்டுராத சாமி'ன்னாங்க."

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறிப் போனது.

"அப்ப மாத்தர விசயம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் நிறுத்தினது?"

"சாப்புடற மாதிரி தெரியல. கேட்டா உனக்குச் சங்கடமா இருக்கும்னு… நீயே சொல்லுவன்னு பாத்தேன்."

"அவங்களப் போயி அத்தன பேரு முன்னால உங்கம்மா பேசினப்ப?"

"என்னயப் பாத்தாங்க. நான் உள்ள வந்து சொல்லிருவேன்னு நெனச்சாங்களாட்ட இருக்குது. நான் டயரப் பாத்துட்டு நின்னுட்டேன். அப்பறந்தான் மெஷினப் போட்டாங்க."

"அத்த போன பொறகாவது சொல்லியிருக்கலாமே?"

"அப்பறம் நாளாயிருச்சு" என்றார்.

பதினெட்டு வருடம் நான் அவரை ஏமாற்றி வந்தவள் என்று நினைத்து வாழ்ந்திருக்கிறேன். குழம்பில் உப்பு கூடினால் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவர் தாகம் என்று சொல்வதற்கு முன்னால் தண்ணீர் மொண்டு நீட்டியிருக்கிறேன். அதையெல்லாம் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து சொம்புக்காகக் கையை நீட்டினார். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து போய் அவரே மொண்டு குடித்தார். இன்றுவரை அவரேதான் மொண்டு குடிக்கிறார்.

இதையெல்லாம் நான் இப்போது நினைக்கக் காரணம், போன மாதம் நடந்த ஒன்று. சேலத்திலிருந்து ஒரு அம்மா வந்து என் கூடத்தில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பெண் கொடுக்கிறார்களாம். அந்த வீட்டு அக்காதான் அன்று என் கையில் பீரோ சாவியைக் கொடுத்தவர். அவருடைய மகன் குடியை நிறுத்துவதற்கு ஒரு இடத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவன். ஒரு வருடமாகத் தொடுவதில்லை. நாளைக்கு எப்படி என்று அவனைப் பெற்றவருக்கே தெரியாது.

"பழக்க வழக்கமெல்லாம் எப்படிங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இருங்க, சட்னி அரைச்சுட்டு வந்தர்றேன்" என்று உள்ளே போனேன். மிக்ஸியைப் போட்டேன். ஜாரில் ஒன்றும் இல்லை. மாவு மில் ஒரு மணி நேரம்கூட ஓடும். மிக்ஸி அப்படி இல்லை. மூன்று நிமிடத்தில் சூடாகி அதுவே நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க" என்றார்.

"பொண்ணு என்ன பண்ணுதுங்க?"

"துணிக்கடையில பில்லு போடுது."

"லீவு கெடைக்குங்களா?"

"ஏனுங்க?"

"அதக் கூட்டிட்டு வாங்க. அதுகிட்டச் சொல்றேன்."

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. "பெத்தவகிட்டச் சொல்லாதத அதுகிட்ட என்னுங்க சொல்லப் போறீங்க?" என்று எழுந்து போய்விட்டார். சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தார். அவர் வீட்டு முற்றத்திலேயே கறிவேப்பிலை மரம் நிற்கிறது.

"மிக்ஸியப் போட்டயாமா?" என்றார்.

நான் கறிவேப்பிலை கிள்ளிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்களுக்குள் பேச்சில்லை.

நேற்றுக் காலையில் ஒரு பெண் தனியாகப் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். கழுத்தில் கடையின் அடையாள அட்டை. கழற்ற மறந்திருப்பாள் போலிருக்கிறது.

"ஏனுங்கக்கா, மிக்ஸியப் போட்ட அக்கா நீங்கதானுங்களா?" என்றாள். "அம்மா வரக்கூடாதுன்னாங்க. லீவு சொல்லிட்டு வந்துட்டேன்."

பக்கத்து வீட்டு அக்கா முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பாதி பிழிந்த புடவையோடு அப்படியே நின்று எங்களைப் பார்த்தார். நான் டயரைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தேன். அவர் புடவையைக் கொடியில் போடாமல் உள்ளே போய்விட்டார்.

"உள்ள வா கண்ணு, உக்காரு" என்றேன்.

பிறகு அடுப்பங்கரைக்குப் போய் மிக்ஸியின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டு வந்து, அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.